ஒலிபெருக்கி என்ற சொல்லும் அப்பாவின் ஆம்ப்ளிஃபையரும்

பணி ஓய்வில் கிடைத்த பணத்திலிருந்து அறுபதாயிரம் ரூபாயை எடுத்து ஓர் ஏ.வி. ரிசீவர் வாங்கப் போவதாகச் சென்ற மாதம் அப்பா அறிவித்தார். திருவனந்தபுரத்தின் ஒரு கடையில் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "பழைய ஆம்ப்ளிஃபையரில் இசையின் பாதிதான் சார் காதுக்கு வரும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர் எந்த நிறுவனத்தின் பொருளும் அன்று. 1980களின் இறுதியில், சாலைக் கம்போளத்தை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ பழுதுபார்த்து வந்த மெக்கானிக் ஒருவர், தகரப் பெட்டியில் கையால் பற்றவைத்துச் செய்து கொடுத்தது. அவர் இப்போது உயிருடன் இல்லை.

ஒலியனியலும் பேச்சொலியியலும் படித்தவள் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் வீட்டில் கேட்கும் ஒலியின் தரம் மாறுமா? ஒரே சொல்லில் பதிலிறுக்க முடியாத கேள்வி இது. ஒவ்வொரு காலத்திலும் இதற்கு வெவ்வேறு விடை சரியாக இருந்திருக்கிறது என்பதே காரணம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். என் தொழில் அப்படி. தமிழில் கூம்பு வைத்த ஸ்பீக்கரை 'ஒலிபெருக்கி' என்கிறோம். சொல்லைப் பிரித்தால் ஒலியைப் பெருக்குவது. ஆனால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. தனக்கு வரும் மின்னாற்றலில் நூற்றில் ஓரிரு பங்கை மட்டும் காற்றின் அசைவாக மாற்றி, எஞ்சியதை வெப்பமாக விரயமாக்கும் கருவி அது. பெருக்குவது அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர். பாடநூல்கள் ஆம்ப்ளிஃபையருக்குப் 'பெருக்கி' என்றும் ரிசீவருக்கு 'ஏற்பி' என்றும் சொல் தந்தன. வழக்கில் அவை ஏறவில்லை. நான் வாழும் ஊரின் மலையாளத்தில் ஸ்பீக்கருக்கு 'உச்சபாஷிணி', அதாவது உரக்கப் பேசுவது. ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது. வேலைப் பிரிவினையில் குழப்பம் செய்யவில்லை. கல்யாண வீட்டில் இரு மொழியினரும் 'மைக் செட்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். மைக், ஆம்ப்ளிஃபையர், குழாய், வயர் எல்லாம் அதில் அடக்கம். எந்த உறுப்பு எந்த ஒலிக்குப் பொறுப்பு என்று பேச்சுவழக்கு நமக்குச் சொல்லித்தரவே இல்லை. கடைக்காரரின் வாதம் எளிதில் எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

'ரிசீவர்' இன்னும் சுவையானது. அப்பாவின் தலைமுறைக்கு அது தொலைபேசியில் காதில் வைக்கும் துண்டு. சொத்துத் தகராறில் நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரி. பின்னர் டிஷ் டிவியின் பெட்டி. ஆயினும் வீட்டு ஒலியைப் பொறுத்தவரை அதன் மூலப்பொருள் ஒன்றுதான்: வானொலி அலையை ஏற்கும் கருவி. வரலாறு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. இன்று அது இயங்கும் வழுதைக்காடு பக்தி விலாசம், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் வாழ்ந்த மாளிகை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின; திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகள் கேரளத்தில் தங்கின. அந்த வீடுகளில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் தொலைவுக்குக் காது நீட்டியாக வேண்டும். 1939 முதல் ஒலித்துவந்த திருச்சி, பிற்பாடு 1963இல் வந்த திருநெல்வேலி, சிற்றலையில் இலங்கை. எங்கள் தாத்தா வீட்டு நடுக்கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த செம்பு வலைப்பட்டை ஏரியலை அப்பா இன்றும் கையால் அளந்து காட்டுவார். பச்சை ஒளிரும் 'மேஜிக் ஐ' சுருங்கி விரிவதைப் பார்த்து முள்ளைத் திருப்புவது அவருடைய வேலையாம்.

அந்தக் காலத்தில் ஒலியின் தரத்தை முடிவு செய்தது ஏற்பிதான். காரணம் நுட்பமானது, சற்றுப் பொறுமையாகச் சொல்கிறேன். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதன் அலை முதலில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றப்படுகிறது. அங்கே அமைந்த சுருள்கள் ஒரு வாசல்போல் செயல்படுகின்றன. வாசல் அகலமாக இருந்தால் இசையின் உயர்ந்த அதிர்வுகளும் உள்ளே வரும். கூடவே அண்டை நிலையத்தின் சீழ்க்கையும் வரும். வாசலைக் குறுக்கினால் அண்டை நிலையம் ஒழியும். வயலினின் மேல்விளிம்பும் சேர்ந்து ஒழியும். பக்கத்து நிலையத்தை மட்டும் கேட்பவருக்கு அகன்ற வாசல் போதும். இரவில் திருச்சியைத் துழாவும் திருவனந்தபுரத்துத் தமிழருக்குக் குறுகிய வாசல் வேண்டும். தெளிவான பிரிப்பா, நிறைவான ஒலியா என்ற பேரத்தில் தொலைவிலுள்ள தாய்மொழியைக் கேட்க விரும்பியவர்கள் நிறைவை விட்டுக்கொடுத்தார்கள். 1978 நவம்பரில் ஜெனீவாத் திட்டப்படி மத்திய அலை நிலையங்களுக்கு இடையிலான தொலைவு 9 கிலோஹெர்ட்ஸ் ஆனது. திருவனந்தபுரத்தின் 1161, திருநெல்வேலியின் 1197 ஆகிய எண்கள் ஒன்பதால் வகுபடுவது அதனால்தான். ஒரு நிலையத்துக்கு 9 என்றால், அண்டை நிலையத்தோடு மோதாமல் கிடைக்கும் ஒலியின் உச்ச அதிர்வு 4.5 கிலோஹெர்ட்ஸ்.

பேச்சொலியியல் படித்தவர்களுக்கு இந்த எண் நிறையச் சொல்லும். ழகரத்தை ளகரத்திலிருந்து காது பிரித்தறிய உதவும் முக்கியக் குறிப்பு, மூன்றாவது ஃபார்மன்ட் இறங்கி இரண்டாவதை நெருங்குவது. அது 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியே நிகழ்கிறது. ஆகவே வானொலியில் ழகரம் தப்பிவிடும். ஷகரத்தின் உரசலும் பெரும்பாலும் தப்பும். ஸகரத்தின் உரசல் 4,000க்கு மேலேதான் வலுவாக இருக்கிறது. அதன் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். 'பழைய ரேடியோவின் குரல் காதைக் குத்தாது, இனிமையாக இருக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது கற்பனை அன்று. குத்தக்கூடியது வீட்டுக்குள் வரவே இல்லை. மரப்பெட்டியும் எட்டங்குலக் காகிதக் கூம்பும் கீழ்ச்சுருதிக்குக் கொஞ்சம் சதை போட்டன.

அந்த மரப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையரும் இருந்தது. இ.எல். 84 போன்ற ஒற்றை வால்வு, மூன்று நான்கு வாட், முழுத் திறனில் பத்து விழுக்காட்டுச் சிதைவு. எண்ணைக் கேட்டால் இன்றைய இளைஞர் சிரிப்பார். ஆனால் சிதைவைக் குறைக்கும் வழி அதற்கு வெகுகாலம் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 1927 ஆகஸ்ட் 2 காலை ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் பணிக்குச் சென்றுகொண்டிருந்த பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரோல்டு பிளாக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. பெருக்கியின் வெளியீட்டில் சிறு பகுதியை எடுத்து, திசைமாற்றி, மீண்டும் உள்ளீட்டில் சேர்த்தால் பெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே அதை எழுதி வைத்தார். தமிழில் இதற்கு 'எதிர்ப் பின்னூட்டம்' என்று பெயர். இந்தப் பதிவின் கீழே நீங்கள் எழுதப் போவதற்கும் அதே சொல்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. 1947இல் டி.டி.என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரில் சிதைவு நூற்றில் 0.1 பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வரைபடத்தோடு வெளியானதால் உலகெங்கும் வீட்டில் செய்து பார்த்தார்கள். நல்ல ஆம்ப்ளிஃபையர் என்பது அப்போதே தீர்க்கப்பட்ட கணக்கு. மூன்று வாட் ரேடியோவில் அது வராததற்குக் காரணம் அறியாமை அன்று, விலை.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. ஒரு தலைமுறைக்கு நிலைமை மோசமானது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வுகளையும் 1962இல் ஜெர்மானியம் குறைகடத்திகளையும் செய்யத் தொடங்கியபின், நடுக்கூடத்து மரப்பெட்டி மெல்ல மெல்லத் தோல் உறையிட்ட சிறு பெட்டியாகச் சுருங்கியது. இந்தச் சிறு பெட்டியில் ஒலியின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமந்தன. ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குப் பல்லக்கு மாறும் கணத்தில் ஒரு குலுக்கல் உண்டு. குறுக்குச் சிதைவு என்பது அதுதான். உரத்த ஒலியில் அது மறைந்துவிடும், மெல்லிய ஒலியில் உறுத்தும். பேட்டரி தீரும் தறுவாயில் டிரான்சிஸ்டர் ரேடியோ கரகரத்து, சொற்களின் ஓரம் தேய்ந்து, அடைத்த மூக்கோடு பேசுவதுபோல் பேசியது நினைவிருக்கிறதா? மின்னழுத்தம் விழுந்து அந்தக் குலுக்கல் அதிகரிக்கும்போது கேட்கும் ஒலி அது. ஆம்ப்ளிஃபையர் ஒலியின் தரத்தை மாற்றும் என்று அந்நாளில் சொன்னவர் கண்ணை மூடிக்கொண்டு சரி.

1970களில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் மலிந்து, பின்னூட்டக் கணக்கும் கைவந்தபின் இந்தக் குறை நீங்கியது. அந்தக் காலத்தின் இந்தியக் கதையைப் பெரிய நிறுவனங்களின் வழியாக மட்டும் சொன்னால் பாதி விடுபட்டுப்போகும். கொல்கத்தாவின் சோனோடைன் இருந்தது. திருவனந்தபுரத்திலேயே 1973இல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் கெல்ட்ரான் தோன்றியது. கெல்ட்ரானின் தொலைக்காட்சிப் பெட்டியை நினைவில் வைத்திருப்பவர்கள் கூட, அது செய்த மின்தேக்கிகள் எத்தனை பெட்டிகளுக்குள் குடியிருந்தன என்பதை எண்ணுவதில்லை. ஆனால் நம் வீடுகளில் பாடியதில் கணிசமான பங்கு, சென்னை ரிச்சி தெரு முதல் சாலைக் கம்போளம் வரை உள்ள சிறு கடைகளில் உதிரிபாகம் வாங்கி, மெக்கானிக்குகள் கட்டிய 'அசெம்பிள்டு' பெட்டிகள். 2என்3055 டிரான்சிஸ்டர், பிறகு எஸ்.டி.கே. ஐ.சி., 4440 போர்டு, அப்புறம் 5200-1943 ஜோடி. இவ்வெண்களை மந்திரம்போல் சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் முறையான பட்டம் பெறாதவர்கள். உற்பத்தியாளர் தாளில் கொடுத்த சுற்றை வழுவாமல் பின்பற்றினார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் கஞ்சத்தனம் செய்யாதவர் நல்ல மெக்கானிக், செய்தவர் மோசமான மெக்கானிக். வேறு இரகசியம் பெரிதாக இல்லை.

அதே காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன்களும் ஸ்டீரியோ ரிசீவர்களும் கேரளத்து வீடுகளிலும் குமரி மாவட்டத்து வீடுகளிலும் அந்தஸ்தின் அடையாளமாயின. கூடவே வந்தது பி.எம்.பி.ஓ. என்னும் பொய். சிறு பெட்டி மீது 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும். பின்னால் அதன் மின்னுகர்வு 30 வாட் என்றிருக்கும். உள்ளே போவதைவிட வெளியே வருவது எப்படி அதிகமாகும் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1974இலேயே வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது: தொடர்ந்து தரக்கூடிய திறனை, சிதைவின் அளவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.எம்.பி.ஓ.வுக்கோ ஒப்புக்கொண்ட இலக்கணமே கிடையாது. வாட் எண்ணைத் தரம் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் அப்போது புகுந்தது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது மூன்று டெசிபல். கேட்டால் 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ' என்று தோன்றும், அவ்வளவே. சாதாரண அறையில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட் கூடப் பெரும்பாலும் செலவாவதில்லை.

மேலைநாட்டில் இதே கேள்விக்குச் சோதனை வைத்துப் பார்த்தார்கள். 1978இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரோடு இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களைத் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தது. பழகிய செவியினரும் பிரித்தறியவில்லை. 1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் 200 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த ஒரு சாதாரண ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை வைத்து இருபத்தைந்து பேரைக் கேட்கவைத்தது. நாணயம் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறத்தாழ அதே முடிவு வந்திருக்கும். ஒலியளவை நுட்பமாகச் சமன்செய்வதுதான் இத்தகைய சோதனையின் உயிர்நாடி. அரை டெசிபல் கூடினாலே காது அதை 'உரப்பு' என்று உணராது. 'தெளிவு' என்று உணரும். கடைகளில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது யாரும் சமன்செய்வதில்லை.

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் காது" என்றார். எட்டு வினாடி கேட்டு நாகஸ்வரம் வாசிப்பவர் யாரென்று சொல்லக்கூடியவர் அவர். அந்தத் தன்னம்பிக்கைக்கு நியாயம் உண்டு. ஆகவே வீட்டிலேயே வைத்தோம். அத்தானிடமிருந்து ஒரு வாரத்துக்கு ஏ.வி. ரிசீவர் ஒன்றை இரவல் வாங்கினேன். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ரிசீவரின் ஒலி மாற்றும் வசதிகள் அனைத்தையும் அணைத்தேன். தம்பி நாணயம் சுண்டி அதன்படி சுவிட்சைத் திருப்ப, அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பதினாறு முறையில் பன்னிரண்டு சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கு அன்று எனக் கொள்ளலாம் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். ஒன்பது வந்தது.

அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது இந்தச் சோதனையே வேண்டாம் என்றிருந்தது. அறிவியலை நிரூபிக்கும் உற்சாகத்தில் அறுபத்தேழு வயதுக்காரரின் காதை அவருடைய வீட்டிலேயே விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டேன். ஆனால் அவர் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து அந்தத் தகரப் பெட்டியைத் துடைத்தபடி, "அப்படின்னா அந்த மனுஷன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்" என்றார். எனக்கு அதுவரை அந்தக் கோணம் தோன்றவில்லை.

சோதனை அதோடு முடியவில்லை. முடித்திருந்தால் அது அரைகுறை. ரிசீவரின் அறைத் திருத்தத்தை இயக்கினேன். மைக்கை அறையில் வைத்தால் அது தானாகவே ஒலியெழுப்பி, சுவர்கள் செய்யும் கோளாற்றை அளந்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை மாற்றியமைக்கும். இம்முறை பத்துக்குப் பத்து; அப்பா மூச்சு விடாமல் சொன்னார். ஆகக் கடைக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. இன்றைய ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒலியை மாற்றுவதில்லை. அதே பெட்டிக்குள் இருக்கும் கணினி மாற்றுகிறது. 1992இல் திரையரங்குக்கும் பிற்பாடு டிவிடி வழியே வீட்டுக்கும் வந்த டால்பி டிஜிட்டல் ஆறு தடங்களைப் பிரிக்கவும் இதே கணினிதான் தேவை. ஐந்து ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்ப்பவருக்கு ரிசீவர் வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவருக்கு அந்தக் கணினி செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் கையாலும் செய்யலாம். மர அலமாரியின் மாடத்துக்குள் இருபது ஆண்டுகளாக அடைந்துகிடந்த ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, காதுமட்டத்துக்கு முக்காலி மேல் வைத்தோம். மாடத்தின் எதிரொலியால் உப்பியிருந்த கீழ்ச்சுருதி வடிந்து மிருதங்கத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் கேட்டது. செலவு, இரண்டு முக்காலி. அம்மாவுக்கு அந்த இடம் போனதில் இன்னும் வருத்தம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. திருத்தத்தோடு கேட்ட ஒலி செய்திக்கு நன்று, பாட்டுக்குப் பழையதே போதும் என்கிறார் அப்பா. இரண்டையும் விடத் தாத்தாவின் ரேடியோதான் சிறந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறார். வயதாக ஆக முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறன். 4.5 கிலோஹெர்ட்ஸுக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட அந்த மரப்பெட்டி, அவருடைய இன்றைய காதுக்கு எதையும் இழக்காத கருவியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். ரிசீவரை அத்தான் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார். தகரப் பெட்டியின் இடது பக்கத்தில் மட்டும் லேசான இரைச்சல் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு ஆன மின்தேக்கி காய்ந்திருக்க வேண்டும். அதை மாற்றித்தரும் மெக்கானிக் யாராவது சாலைப் பக்கம் இன்னும் இருந்தால் தெரிவியுங்கள்.